சுறா கடித்த மறுநாள்

கொல்வதா, வலை கட்டுவதா, கடலையே மூடுவதா? பெர்த் முதல் ரியூனியன் வரை அரசுகள் தடுமாறிய கதையும், கரையில் நிற்பவர் செய்ய வேண்டிய முதல் காரியமும்

2018 செப்டம்பர் 15, சனிக்கிழமை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அட்லாண்டிக் கடலுக்குள் மடக்கிய கை போல நீண்டு கிடக்கிறது கேப் காட் தீபகற்பம். அங்கே வெல்ஃப்லீட் என்ற சிற்றூரின் கடற்கரையில், அலைப்பலகையோடு இறங்கிய ஓர் இளைஞரைச் சுறா கடித்தது. கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். நண்பர் அவரை இழுத்துக் கரை சேர்த்தார். அங்கிருந்தவர்கள் கையில் கிடைத்ததை வைத்து இரத்தத்தைக் கட்டப் பார்த்தார்கள். ஆம்புலன்ஸை அழைக்கலாம் என்றால் செல்போனில் சிக்னல் இல்லை. செங்குத்தான மணல்மேட்டில் ஏறி ஓடித்தான் தகவல் சொல்ல வேண்டியிருந்தது. கோடை சீசன் முடிந்துவிட்டதால் உயிர்காப்பாளர்களும் பணியில் இல்லை. இளைஞர் பிழைக்கவில்லை. 1936-க்குப் பிறகு அந்த மாநிலத்தில் சுறா கடித்து நேர்ந்த முதல் மரணம் அது.

அடுத்த சில நாள்களில் ஊர்க்கூட்டம் கூடியது. அவசரத்துக்குப் பேசத் தொலைபேசி இல்லாததைப் பற்றியும் பேசினார்கள். ஆனால் குரல்கள் உயர்ந்தது வேறு விஷயத்துக்கு. சுறாவை என்ன செய்யலாம்? சுறாவுக்கு இரையாகும் கடல்நாய்களை, அதாவது சீல்களை, என்ன செய்யலாம்? சுட்டுக் குறைக்க முடியாதா?

அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறாண்டுக் கதை இருக்கிறது. மீனைத் தின்று தீர்க்கின்றன என்று சொல்லி, 1888 முதல் 1962 வரை மாசசூசெட்ஸும் மெய்ன் மாநிலமும் சீலின் தலைக்கு விலை வைத்திருந்தன. கொன்று கொண்டு வந்தால் பணம். ஒரு லட்சத்துக்கும் மேல் செத்திருக்கலாம் என்கிறது ஆய்வாளர்களின் மேல்வரம்புக் கணிப்பு. 1972-ல் கடற்பாலூட்டிகளைக் காக்கும் சட்டம் வந்தது. சீல்கள் மெல்லத் திரும்பின. இப்போது கேப் காட் பக்கம் மட்டும் பல்லாயிரம் இருக்கின்றன. சோறு திரும்பிய இடத்துக்குச் சாப்பிடுபவரும் திரும்பினார். பெருவெள்ளைச் சுறாவைப் பிடிக்க அமெரிக்கா 1997-ல் தன் கூட்டரசுக் கடற்பரப்பில் தடை விதித்தது. 2015 முதல் 2018 வரையிலான நான்கு ஆண்டுகளில் கேப் காட் கடலுக்கு வந்துபோன வெள்ளைச் சுறாக்கள் ஏறத்தாழ 800 என்று பின்னர் கணக்கிட்டார்கள். மனிதர் கழுத்தளவு நீரில் நிற்கும் அதே ஆழத்திலும் அவை வேட்டையாடுகின்றன. நம் குளிக்குமிடம், அவற்றின் சாப்பாட்டு மேசை.

இதில் ஒரு வேடிக்கை. பீட்டர் பெஞ்ச்லியின் நாவலை ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 'ஜாஸ்' என்று படமாக எடுத்தது, இதே கேப் காட்டுக்குப் பக்கத்திலுள்ள மார்த்தாஸ் வின்யார்ட் தீவில். 1975-ல் படம் வந்தபோது அந்தக் கடலில் சீலும் அரிது, வெள்ளைச் சுறாவும் அரிது. உலகம் முழுக்கக் கடலைப் பார்த்து நடுங்கியது அந்தப் படத்தால். பெஞ்ச்லி தன் பிற்காலத்தைச் சுறாக்களைக் காப்பாற்றுங்கள் என்று பேசுவதில் செலவிட்டார். படத்தில் என் மனதில் நிற்பது சுறாவல்ல. சீசன் கெட்டுவிடும் என்பதற்காகக் கடற்கரையைத் திறந்தே வைத்திருக்கும் மேயர்தான். சுறா கடித்த மறுநாள் நிர்வாகம் செய்யக்கூடிய முதல் தவறு அது. இரண்டாவது தவறு, ஏதாவது செய்தோம் என்று காட்டுவதற்காக எதையாவது செய்வது. அதற்குப் பெர்த் போக வேண்டும்.

கோபத்துக்குப் போட்ட தூண்டில்

மேற்கு ஆஸ்திரேலியாவில் 2010-க்கும் 2013-க்கும் இடையில் சுறா கடித்து ஏழு பேர் இறந்தார்கள். இத்தனை குறுகிய காலத்தில் ஒரே கடற்கரைப் பகுதியில் இத்தனை சாவு என்பது எந்த அரசையும் ஆட்டும். மாநில முதல்வர் காலின் பார்னெட் 2014 ஜனவரியில் களமிறங்கினார். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் மிதவைகள். ஒவ்வொன்றிலும் இரை மாட்டிய பெரிய தூண்டில். மூன்று மீட்டரைத் தாண்டிய வெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச்சுறா சிக்கினால் தலையில் சுட்டு ஆழ்கடலில் வீசிவிடுவது என்பது திட்டம். அதை எதிர்த்துப் பெர்த்தின் காட்டஸ்லோ கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அவர்களில் பலர் தினமும் அதே கடலில் நீந்துபவர்கள்.

ஏப்ரல் இறுதி வரையிலான கணக்கைப் பார்த்தார்கள். சிக்கியவை 172. அவற்றில் 163 புலிச்சுறாக்கள். சுட்டும் தானாகவும் செத்தவை 68. அந்த ஏழு மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணம் என்று கருதப்பட்ட வெள்ளைச் சுறா? ஒன்றுகூடச் சிக்கவில்லை. திருடியவன் ஒருவன், தெருவில் போனவனுக்கு அடி. அதே ஆண்டு செப்டம்பரில் மாநிலத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையமே திட்டத்தை நீட்டிக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது, அரசு பின்வாங்கியது.

ஒரு வெள்ளைச் சுறாவாவது சிக்கியிருந்தால் சரியாகியிருக்குமா? 2003-ல் தென்னாப்பிரிக்கக் கரையருகே ஒரு பெண் வெள்ளைச் சுறாவுக்கு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். நிக்கோல் என்று பெயர் வைத்தார்கள். அது இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே நீந்தி, 99 நாளில் சுமார் 11,000 கிலோமீட்டர் கடந்து, இதே மேற்கு ஆஸ்திரேலியாவை எட்டியது. ஒன்பது மாதத்துக்குள் தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பியும் விட்டது. இப்படிப்பட்ட விலங்கை 'எங்கள் ஊர்ச் சுறா' என்று யார் சொல்வது? கடித்த சுறா, மறுநாள் நாம் தூண்டில் போடும்போது எந்தக் கடலில் இருக்கிறதோ.

ஹவாய் இந்தப் பாடத்தை முன்பே கற்றிருந்தது. 1959 முதல் 1976 வரை அங்கே அரசே நடத்திய வேட்டைகளில் கொல்லப்பட்ட சுறாக்கள் 4,668. கடிபடுவோர் எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை என்பதுதான் பின்னர் நடந்த ஆய்வின் முடிவு.

இந்த இடத்தில் சுறா ஆதரவாளர்கள் வழக்கமாக ஒரு கணக்கை எடுத்து வீசுவார்கள்: சுறாவால் சாவோரைவிடத் தேங்காய் தலையில் விழுந்து சாவோர் அதிகம், ஆண்டுக்கு 150 பேர். தென்னந்தோப்பில் வளர்ந்த நம்மிடம் இதைச் சொன்னால் சிரிப்போம். அந்த எண்ணுக்கு ஆதாரமே கிடையாது. 2002-ல் ஒரு பயணக் காப்பீட்டு நிறுவனம் விளம்பரத்துக்காக விட்ட செய்தியில் பரவியது அது. நல்ல காரியத்துக்குப் பொய்க்கணக்கு எதற்கு? மெய்க்கணக்கே போதும். ஃப்ளோரிடாவிலிருந்து இயங்கும் பன்னாட்டுச் சுறாத் தாக்குதல் பதிவேட்டின்படி, மனிதர் சீண்டாமலேயே சுறா கடித்த சம்பவங்கள் 2024-ல் உலகம் முழுக்க 47. அதற்கு முந்தைய ஆண்டு 69. மறுபுறம், மீன்பிடியில் ஆண்டுக்குச் சாகும் சுறாக்கள் எட்டுக் கோடி அளவில் இருக்கும் என்று 2024-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆனால் ஒன்று: மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய் இந்தக் கணக்கைச் சொல்பவரைப் போன்ற மூடர் இல்லை. பயம் எண்ணுக்கு அடங்காது. அரசுகள் அதைப் புரிந்துகொண்டுதான் வலை கட்டுகின்றன.

சிட்னியின் வலையும் மன்னாரின் மந்திரமும்

சிட்னியைச் சுற்றியுள்ள கடற்கரைகளில் 1937 முதல் சுறா வலைகள் போடப்படுகின்றன. கடற்கரையை மூடி மறிக்கும் வேலி என்றுதான் அங்கே குளிப்பவர்களில் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு வலை 150 மீட்டர் நீளம், ஆறு மீட்டர் உயரம். கடற்கரையோ கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது. வலைக்கு மேலேயும் பக்கவாட்டிலும் சுறா தாராளமாகப் போய்வரலாம். சிக்கிய சுறாக்களில் கணிசமானவை வலையின் கரைப்பக்கத்தில், அதாவது குளித்துவிட்டுத் திரும்பும் வழியில், சிக்கியவை! மற்றபடி வலையில் மூச்சுமுட்டிச் சாவதில் பெரும்பகுதி ஆமைகள், திருக்கைகள், ஓங்கில்கள், யாருக்கும் தீங்கு செய்யாத சிறு சுறாக்கள். ஆனாலும் வலையை எடுக்க எந்த அரசியல்வாதிக்கும் துணிச்சல் வராது. எடுத்த மறுவாரம் ஒருவர் இறந்தால் என்ன பதில் சொல்வது? 2025-ல் மூன்று கடற்கரைகளில் மட்டும் சோதனையாக எடுத்துப் பார்க்கலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. செப்டம்பரில் சிட்னியின் வடக்குக் கரையில் அலைச்சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார். பேச்சு நின்றுபோனது.

பயத்துக்கு மருந்து கொடுக்கும் இந்த வேலையை நம் மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் கடல் கட்டி செய்தார். முத்துக்குளிப்பு தொடங்கும் முன் மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுபவர் அவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மந்திரம் போடுபவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு போனதாகவும், இரவில் யாரும் திருட்டுத்தனமாக மூழ்கக் கூடாதென்று மாலையானதும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். என்ன ஒரு நிர்வாகம்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் பதவி வகித்த எமர்சன் டென்னண்ட் எழுதியது இன்னும் சுவை. கடல் கட்டி இல்லாமல் ஒருவரும் நீரில் இறங்க மாட்டார். அந்த உரிமை பரம்பரையாக வருவது. அப்போதைய குடும்பத் தலைவரோ கத்தோலிக்கர். டென்னண்ட் போன சமயம் அவருக்கு உடம்பு சரியில்லை, பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். தனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் தலைவரின் பிரதிநிதி என்பதால் சுறாக்கள் தன்னை மதிக்கும் என்றாராம் அந்தப் பதிலாள். பிரிட்டிஷார் காலத்து முத்துக்குளிப்புகளில் சுறாவால் நேர்ந்த, உறுதியாகத் தெரிந்த விபத்து ஒன்றே ஒன்று என்றும் டென்னண்ட் குறித்திருக்கிறார். நூற்றுக்கணக்கான படகுகளின் ஆரவாரத்தில் சுறாக்கள் விலகிப் போயிருக்கும் என்பது அவர் ஊகம்.

சிட்னி வலையும் கடல் கட்டியும் ஒரே வேலையைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது: மனிதரை நீரில் இறங்கவைக்கும் வேலை. நம்மவரின் மந்திரத்தில் ஆமை சாகவில்லை.

மூடிய கடல்

இதுவரை சொன்னதை வைத்து, சுறாவைக் கொல்லும் எவரும் மூடர் என்று முடித்துவிடலாம். ரியூனியன் தீவு அப்படி முடிக்க விடாது.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு அது. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் 'மலபார்' என்ற பெயரோடு அங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள். 2011 முதல் 2019 வரை சுறா கடித்து அங்கே இறந்தவர்கள் 11 பேர். பல லட்சம் பேர் வாழும் ஒரு சிறு தீவுக்கு இது சாதாரண எண்ணல்ல. உலகிலேயே மிக மோசமான விகிதங்களில் ஒன்று. 2013 ஜூலையில், கரையோரத்திலேயே குளித்துக்கொண்டிருந்த 15 வயதுச் சிறுமி இறந்தாள். அதே மாதம் அரசு, பவளத்திட்டுக்கு உட்பட்ட காயல்களையும் கண்காணிக்கப்படும் சில இடங்களையும் தவிர்த்து, கரையோரக் கடலில் குளிப்பதையும் அலைச்சறுக்கையும் தடை செய்தது. தீவில் பிறந்த பிள்ளைகள் கடலைக் கரையில் நின்று பார்த்து வளர்ந்தார்கள். அலைச்சறுக்கில் திறமையுள்ள இளைஞர்கள் பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

குற்றவாளி காளைச்சுறா. கலங்கல் நீரை விரும்பும், ஆற்று முகத்துவாரத்துக்குள்ளும் ஏறி வரும் இனம் அது. ஏன் திடீரென்று இப்படி? ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 2007-ல் அமைந்த கடற்காப்பகம் மீன்களைப் பெருக்கிச் சுறாவை இழுத்தது என்றனர் அலைச்சறுக்குக்காரர்கள். மலையைச் சுரண்டிக் கட்டிய வீடுகளும் கழிவுநீரும் கடலைக் கலக்கிவிட்டன என்றனர் சூழலியலாளர்கள். நச்சு அச்சத்தால் சுறா இறைச்சி விற்பனைக்கு இருந்த தடை, மீனவர்களை அவற்றிலிருந்து விலக்கி வைத்ததும் காரணமாகச் சொல்லப்பட்டது. 2017-ல், அலைச்சறுக்கு உலகச் சாம்பியன் கெல்லி ஸ்லேட்டரே அங்கே தினமும் சுறாவைக் கொல்ல வேண்டும் என்று சொல்லப்போய், கடல் காவலராக அவரைக் கொண்டாடியவர்களே கொதித்தார்கள்.

கொல்வது, காவல் காப்பது இரண்டையும் தீவு செய்தது. சுறா சிக்கியதும் படகுக்குத் தகவல் அனுப்பும் தூண்டில் மிதவைகளை வைத்தது. காளைச்சுறாவும் புலிச்சுறாவும் என்றால் கொன்றது, மற்றவற்றை விடுவித்தது. கூடவே, முகமூடி அணிந்து நீருக்கடியில் காவல் நிற்கும் முக்குளிப்பாளர்களைப் பயிற்றுவித்தது. அவர்கள் சுற்றி நிற்க, நடுவில் பிள்ளைகள் அலையேறினார்கள். 2019 மே மாதத்துக்குப் பிறகு நீண்ட காலம் அங்கே மரணமில்லை. தூண்டிலால் வந்த பலன் என்கிறது ஒரு தரப்பு. கடலில் ஆளே இறங்கவில்லை, பிறகு யாரைக் கடிக்கும் என்கிறது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. கடித்த இனத்தைக் கரையருகே தேடிய அந்த வேட்டையை, இன்னதென்று தெரியாமல் சுட்ட பெர்த்தின் வேட்டையோடு ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளை மீண்டும் கடலில் இறக்கியது எது என்று கேட்டால், நீருக்குள் நின்ற அந்தக் காவலர்களைத்தான் சொல்வேன்.

கண்ணை நம்பிய இன்னோர் ஊர் கேப் டவுன். 2004-ல், மியூசன்பெர்க் கடற்கரைக்கு மேலே மலைச்சாலையில் ஆள்களை உட்கார வைத்தார்கள். கையில் தொலைநோக்கி, கண்ணில் கூசொளி தடுக்கும் கண்ணாடி, வாக்கிடாக்கி. உயரத்திலிருந்து பார்த்தால் தெளிந்த நீரில் சுறா கரும்நிழலாகத் தெரியும். கரையில் கொடி பறக்கும். பச்சை என்றால் நீர் தெளிவு, சுறா இல்லை. கறுப்பு என்றால் நீர் கலங்கல், எங்களுக்குத் தெரியவில்லை. சிவப்பு என்றால் எச்சரிக்கை நிலை. வெள்ளைக் கொடியில் கறுப்புச் சுறா என்றால் சங்கு ஊதும், எல்லோரும் வெளியே வர வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கறுப்புக் கொடி. 'எங்களால் இன்று பார்க்க முடியவில்லை' என்று வெளிப்படையாகச் சொல்லும் அரசு ஏற்பாடு உலகில் வேறெங்கே இருக்கிறது? பக்கத்திலுள்ள ஃபிஷ் ஹூக் கடற்கரையில் 2013 முதல் ஒரு வலையும் உண்டு. நெருக்கமான சிறு கண்ணி என்பதால் எதுவும் சிக்கிச் சாவதில்லை. காலையில் போட்டு மாலையில் சுருட்டிவிடுகிறார்கள். சிட்னிக்காரர்கள் தங்கள் வலையைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதை இது உண்மையிலேயே செய்கிறது.

பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் 1992-லிருந்து சுறா கடி தொடங்கியது. தெற்கே சுவாப்பே துறைமுகம் கட்டச் சதுப்புக்காடுகளை அழித்ததும், கப்பல்களின் பின்னே புலிச்சுறா வந்ததும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. பேராசிரியர் ஃபாபியோ ஹாசின் குழு அங்கே பிடித்த புலிச்சுறாவையும் காளைச்சுறாவையும் கொல்லாமல், கரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விட்டது. அந்த வேலை நடந்த மாதங்களில் கடிபடுவது 97 சதவீதம் குறைந்தது என்று 2013-ல் வெளியான அவர்களின் ஆய்வு சொல்கிறது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இப்போது கிட்டத்தட்ட இதையே செய்கிறது: தூண்டிலில் சுறா மாட்டியதும் சமிக்ஞை வரும், அரை மணிக்குள் படகு போய், அடையாளக் கருவி பொருத்தி, தூரத்தில் விடுவிக்கும். கருவி பொருத்திய சுறா மறுபடி கரைக்கு நெருங்கினால் செல்போனுக்கே எச்சரிக்கை வரும். மேலே ட்ரோன் பறக்கும்.

கேப் காட் ஊர்கள் ஆய்வுக்குழு ஒன்றை அமர்த்தி, இருக்கிற வழிகள் அத்தனையையும் அலசச் சொன்னன. 2019 அக்டோபரில் அறிக்கை வந்தது. எந்த ஒரு வழியும் முழுப் பாதுகாப்பைத் தராது என்பது சாரம். சுறாவையும் சீலையும் சுடவில்லை. கடற்கரைகளுக்கு அவசரத் தொலைபேசிகள் வந்தன, இரத்தத்தை நிறுத்தும் பொருள்கள் கொண்ட பெட்டிகள் வந்தன, அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சி நடந்தது. முன்பு கழுத்தளவு போனவர்கள் இப்போது இடுப்பளவோடு நிற்கிறார்கள்.

கடித்த பிறகு

சுறா கடித்தவர் பெரும்பாலும் சாவது இரத்தம் வடிந்துதான். தொடையின் பெரிய தமனி அறுபட்டால் கையில் இருப்பது சில நிமிடங்களே. ஊர்க்கூட்டங்களில் சுறாவைப் பற்றிப் பேசிய நேரத்தில் கால்பங்கை இதற்குச் செலவிட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சிட்னியிலோ பெர்த்திலோ டர்பனிலோ பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். நீந்தப் போனால் கொடிகளுக்கு நடுவே, கூட்டத்தோடு. அந்திசாயும் நேரத்திலும் விடியலிலும், மழைக்குப் பின் கலங்கிய முகத்துவாரத்திலும், மீன்பிடிப்பவர் பக்கத்திலும், சீல் கூட்டத்தருகிலும் இறங்க வேண்டாம். சுறா வந்தேவிட்டால் அசையாமல் கிடப்பது உதவாது. மூக்கிலும் கண்ணிலும் செவுளிலும் பலம்கொண்ட மட்டும் அடிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு கடியோடு விட்டுவிடும். அந்த இடைவெளியில் கரைக்கு வந்துவிட வேண்டும்.

கரையில் நிற்பவருக்கான பகுதிதான் முக்கியம். ஆஸ்திரேலியாவில் அலைச்சறுக்கும் செய்யும் அவசர மருத்துவர் நிக்கோலஸ் டெய்லர் 2021-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். காலில் கடிபட்டால், பலகையைக் காலோடு பிணைக்கும் கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவதுதான் அதுவரை வழக்கம். அது இரத்த ஓட்டத்தைச் சராசரியாக 44 சதவீதம்தான் குறைத்தது. இடுப்பெலும்பின் முனைக்கும் பிறப்புறுப்புக்கும் சரிநடுவே, தொடை மடிப்பில், முஷ்டியை வைத்து உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்தியபோது ஓட்டம் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தது. அலைச்சறுக்கு உடைக்கு மேலே அழுத்தினாலும் பலிக்கிறது. கழற்றிக்கொண்டு நிற்க வேண்டாம். கருவியும் வேண்டாம், படிப்பும் வேண்டாம், ஒரு கை போதும்.

கடிபட்டவரை அலைக்கு எட்டாத மணலில் மல்லாக்கக் கிடத்தி, ஒருவர் அழுத்த, இன்னொருவர் அவசர எண்ணை அழைக்கட்டும். முறையான இறுக்குப்பட்டை கிடைத்தால் காயத்துக்கு மேலே, உடம்பை ஒட்டிய பக்கம், இரத்தம் நிற்கும் வரை முறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். காயத்தின் மேல் துண்டோ சட்டையோ வைத்து அழுத்துங்கள். நனைந்துவிட்டதென்று பிரித்துப் பார்க்கக் கூடாது. அதன் மேலேயே இன்னொன்றை வைக்க வேண்டும். மருத்துவக் குழு வந்து எடுக்கச் சொல்லும்வரை கை அங்கேயே இருக்கட்டும்.